கயிறு கட்டி ஏறிய மலை

சைக்கிளைக் கண்டாலே இசக்கிராஜுக்கு எரிச்சல் வரும். முப்பத்தெட்டு வருஷமாக அதன் மேலேயே உட்கார்ந்து பிழைத்தவர், வேறு எதன் மேல் எரிந்து விழுவார்?

பத்தொன்பது வயதில் நாங்குநேரிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தபோது அவர் பஸ் ஓட்டத்தான் வந்தார். மற்றவர்கள் சிவப்பு என்று சொன்ன இரண்டு மாடி பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்காகக் கூலிக்கு லாரி கழுவி, ஓட்டப் பழகி, லைசென்ஸுக்குப் போய் நின்றார். கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை விரித்து, புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். அவருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் முறைக்காரர் ஒருவர் பழைய சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, கேரியரில் அலுமினிய அண்டாவைக் கட்டி, ஹேண்டில் பாரில் சட்னி வாளியைத் தொங்கவிட்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக் காட்டினார்.

"இட்லி வெள்ளைல்லா. அதை விக்கதுக்குக் கண்ணு பாஸாவ வேண்டாம். செம்பூர் பக்கம் போ."

அன்று போனவர்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிப் பார்த்தார். அண்டாவோடு அது அவருடைய சந்தில் நுழையவில்லை. ஆறு மாதத்தில் விற்றுவிட்டு, வலது முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினார். காலையில் சயான் ஏற்றத்தில் முக்கி முக்கி மிதிக்கும்போது அந்த வண்டியைப் பெயர் சொல்லித் திட்டுவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எரிச்சல் இரண்டு மடங்காகும். அன்றைக்குத்தான் உடம்போடு ஒட்டிய சட்டையும், பின்பக்கம் பஞ்சு வைத்த நிக்கரும், தலையில் கூடையும் மாட்டிக்கொண்ட கூட்டம் ரோட்டில் இறங்கும். அணுசக்தி நகரிலிருந்து விஞ்ஞானிகள் வருவார்கள். வாஷியிலிருந்து ஒருவர் காரின் மேல் சைக்கிளைக் கட்டி எடுத்துவந்து, இறக்கி, ஓட்டி, திரும்பவும் காரில் ஏற்றிக்கொண்டு போவார்.

"சைக்கிளு கார்ல போவுது, நாம சைக்கிள்ல போறோம். பாத்தியா ஏளா?" என்று வீட்டில் அன்னத்தாயிடம் சொல்லிச் சொல்லிக் காறுவார்.

அவர் பெண்டாட்டி அன்னத்தாய் கிரைண்டரை விட்டுத் தலையைத் திருப்பமாட்டாள். "அவிய நம்மட்டதான் இட்லி திங்காவ. வாய மூடுங்க."

அது உண்மைதான். செம்பூர் சைக்கிள் குழுவின் தலைவர் ராஜசேகர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இசக்கிராஜிடம் இருபது வருஷ வாடிக்கை. வருஷம் தவறாமல், ஜூலை மழையில் வண்டி ஓட்ட முடியாத ஒரு ஞாயிறு மத்தியானம் குழுவைக் காலனி சங்கத்து ஹாலில் கூட்டி அவர் அதே பழைய இந்திப் படத்தைப் போடுவார். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நானூறு இட்லி. அண்டாவைத் திரும்ப எடுத்துப்போக வேண்டியிருந்ததால் இசக்கிராஜும் ஹாலின் கடைசியில், தூணில் சாய்ந்து, படத்தைப் பார்க்க நேர்ந்தது.

கருப்பு வெள்ளைப் படம். அதில் அவருக்குப் பிடித்த ஒரே சங்கதி அதுதான். மற்றவர்கள் பார்ப்பதைத்தான் அவரும் பார்த்தார். கதை தந்தி கொண்டுபோகும் ஒரு பியூனுடையது. பம்பாயிலிருந்து நாசிக் வரை சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே இவனும் அரசாங்க சைக்கிளோடு போய் நிற்கிறான். கசாரா மலையில் செயின் அறுந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்றாவதாக வருகிறான். ஜெயிப்பதுகூட இல்லை. இதற்குத்தான் அறுபது பேர் வருஷா வருஷம் வந்து உட்கார்ந்து, வசனத்தை முன்கூட்டியே முணுமுணுத்து, மலை ஏறும் இடத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது இசக்கிராஜ் சாம்பாரைச் சூடு பண்ணக் கீழே போய்விடுவார். பந்தயம் முடிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நாலாவது வருஷம் மலைக் காட்சியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நிசப்தமாயிருந்த ஹாலில் அந்தச் சிரிப்பு அண்டா உருண்டதுபோல் கேட்டது. ராஜசேகர் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"என்னய்யா இது? இந்த இடத்துல போய் சிரிக்கிறே? இதுல என்ன மஜாக் இருக்கு?"

"மன்னிச்சுக்கிடுங்க சார். ஆனா அவன் மிதிக்கவே இல்லியே. முட்டியப் பாருங்க, பாரமே இறங்கல. ஏத்தத்துல மிதிக்கவனுக்கு இடுப்பு இப்பிடி ஆட்டங்குடுக்காம இருக்குமா? கயிறு கட்டி வண்டி இழுக்குது சார். அந்தா, ரோட்டுல நெழலு தெரியுது பாருங்க."

படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். வெயிலடித்த சாலையில், சக்கரத்துக்கு முன்னால், மெல்லிசான ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று இசக்கிராஜ் காத்திருந்தார். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இனாயத்துல்லாவின் மகள் சஃப்ரீன். தாராவியில் இவர் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி அவர்களுடைய தோல் பை பட்டறை. பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள்.

"கயிறு எங்க எல்லாருக்கும் தெரியும் மாமா. ரெண்டாவது தடவையே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா அழுவுதிய?"

ராஜசேகர் தொண்டையைச் செருமினார். "சலோ, படத்தைப் போடுங்க" என்றார்.

பொய் என்று தெரியாமல் அழுகிறவனை மன்னிக்கலாம். தெரிந்தே அழுகிறவனை என்ன செய்வது? இசக்கிராஜ் சயான் வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

அவர்கள் கோபித்துக்கொண்டு ஆர்டரை நிறுத்தியிருந்தால்கூட அவர் மதித்திருப்பார். அடுத்த வருஷம் செய்ததுதான் பொறுக்கவில்லை. அவருக்குப் பாராட்டு வைத்தார்கள்! 'உண்மையான சைக்கிள் வீரர்' என்று அவர் படம் போட்ட பேனர் வாசலில் தொங்கியது. அன்னத்தாய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சாம்பாரை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரை மாடிக்கு விரட்டினாள். முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி. கழுத்தில் ஒரு சால்வை. மேடையில் ராஜசேகர், இவர் இதுவரை மிதித்த தூரம் பூமியை எத்தனை சுற்று சுற்றும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பூமியைச் சுற்றியவனுக்கு முட்டி வீங்கியிருப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மைக்கை அவர் கையில் திணித்தார்கள்.

"எனக்குச் சைக்கிளே புடிக்காது" என்றார் இசக்கிராஜ். "ஒரு நாளும் ஆசப்பட்டு ஏறினதில்ல. பஸ்ஸு ஓட்டணும்னு வந்தேன், கெடைக்கல. நாளைக்கே வேற வழி வந்தா இதக் கொண்டுபோயி கடல்ல தள்ளிருவேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "என்ன அடக்கம், என்ன அடக்கம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். எழுந்து நின்று தட்டினார்கள். சஃப்ரீன் மட்டும் தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த மடையர்களிடம் இனி என்ன பேசுவது என்று அவர் உட்கார்ந்துவிட்டார். படம் ஓடியது. முன்வரிசை, கழுத்தில் சால்வை. நடுவில் எழுந்துபோக வழியில்லை. அப்படித்தான் அந்த ஐந்தாவது வருஷம் முதல்முறையாக அவர் முடிவைப் பார்த்தார்.

பந்தயத்துக்கு மறுநாள் காலை. பியூன் கையில் கட்டோடு வழக்கமான தெருவில் தந்தி கொண்டுவருகிறான். ஒரு பொம்பளை கதவைத் திறக்கிறாள். அவனை ஏறிட்டும் பார்க்காமல், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறாள். விரலால் இடத்தைக் காட்டுகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. தபாலும் அவன்தான் கொண்டுபோக வேண்டும் போல, கேரியரில் பெரிய தபால் பை. அவன் சைக்கிளைத் தள்ளி, இடது காலைப் பெடலில் ஊன்றி, இரண்டு எட்டு தத்தி, வலது காலைப் பின்னால் வீசாமல் முன்னால் மடக்கி, கம்பிக்கு மேலாக அந்தப் பக்கம் போட்டு உட்கார்கிறான். தெரு முனைவரை போகிறான். அவ்வளவுதான் படம்.

இசக்கிராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் பாரம் கட்டியவன்தான் அப்படி ஏறுவான். காலைப் பின்னால் வீசினால் அண்டாவில் இடிக்கும். முப்பத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் அவர் அப்படித்தான் ஏறுகிறார். அதை ஒருவரும் கவனித்தது கிடையாது. அவரே கவனித்தது கிடையாது. சால்வைத் தூசி என்று இருமிக்கொண்டார்.

கீழே இட்லி பரிமாறும்போது சஃப்ரீனைத் தனியாகப் பிடித்தார்.

"ஏ பிள்ள, கடைசில வாறது அதே ஆளா? மலையில ஏமாத்தினவனா?"

"அதே ஆளுதான் மாமா."

"தெருவுல ஒழுங்கா மிதிக்கத் தெரிஞ்சவனுக்கு மலையில எதுக்குக் கயிறு?"

"மலையில முடியல போல. தெருவுல முடிஞ்சிருக்கு." தட்டைக் கீழே வைத்தாள். "நான் அந்தக் கதவு சாத்துறதுக்காகத்தான் மாமா வர்றேன். ஞாயித்துக்கெழமை நூறு கிலோமீட்டர் போயிட்டு வருவேன். திங்கக்கெழமை பட்டறையில பைக்கு ஜிப்பு தச்சிட்டு உக்காந்திருப்பேன். எங்க போன, எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் கேக்க மாட்டாங்க. வாப்பாவே கேக்க மாட்டாரு. இங்க இருக்கிற பாதிப் பேருக்கு வீட்ல அப்படித்தான். ராஜசேகர் சாருக்கு மட்டும் என்ன?"

"அதுக்கு ரெண்டரை மணிநேரம் உக்காரணுமாக்கும்? கடைசி அஞ்சு நிமிசத்த மட்டும் போட்டாப் போதாதா?"

"மலையைப் பாக்காம அந்தத் தெருவை மட்டும் பாத்தா ஒண்ணுமே தோணாது மாமா."

படித்த பிள்ளைகள் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எரிச்சலோடு கரண்டியை எடுத்துக்கொண்டு சாம்பார் வாளிப் பக்கம் போனார்.

ஆட்டோவில் ஏறுமுன் அன்னத்தாய் கேட்டாள். "நீங்க மைக்குல பேசினது கீழ வரைக்கும் கேட்டுது. சைக்கிளு புடிக்காது, பாக்குத ஆளயும் புடிக்காது. பின்ன என்னதான் புடிக்கும் உங்களுக்கு?"

"சால்வையப் பிடி" என்று அவள் கையில் போட்டார்.

ஆறாவது வருஷம் தலைவர் மாறிவிட்டார். காரில் சைக்கிள் கொண்டுவரும் வாஷிக்காரர்தான் புதுத் தலைவர். அவர் ஐரோப்பாவில் எடுத்த புதுப்படம் ஒன்றைப் போட்டார். ஆகாயத்திலிருந்து மலைகளைக் காட்டினார்கள். வழவழப்பான சாலைகள், வழவழப்பான மனிதர்கள். எல்லாரும் நிஜமாகவே மிதித்தார்கள், கயிறு கிடையாது. ஹாலில் பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிராஜ் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ராஜசேகரிடம் போனார்.

"தந்திக்காரன் படம் இல்லியா சார்?"

"அது போரிங்காம். புராணா ஹோ கயாவாம், பழசாயிடுச்சாம்." ராஜசேகர் திரும்பிப் பார்த்தார். "உனக்கென்னய்யா? நீதான் சிரிக்கிறவனாச்சே."

"சிரிக்கதுக்காவது இருக்கணும்லா சார்."

ராஜசேகர் எழுந்து கீழே வந்தார். பின்னாலேயே சஃப்ரீனும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். இட்லி மேஜையில் சாம்பார் வாளிக்குச் சாய்த்துத் தன் போனை நிறுத்தி, சஃப்ரீன் அந்தப் படத்தை மலையிலிருந்து ஓடவிட்டாள். உள்ளங்கை அளவு திரை. தலைகள் முட்டிக்கொண்டன. இசக்கிராஜ் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "செத்த தள்ளுங்கய்யா, மறைக்குது" என்று ஒரு விஞ்ஞானியின் தோளைப் பிடித்து நகர்த்தினார். மேலே படம் விட்டுப் பசியோடு இறங்கிய கூட்டம் தட்டை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தெருவில் கதவு சாத்தும்வரை அவர் ஒருவருக்கும் பரிமாறவில்லை.

இட்லி ஆறிப்போயிருந்ததாகப் புதுத் தலைவர் குழுவின் வாட்ஸாப்பில் எழுதினார். அடுத்த வருஷ ஆர்டர் வேறு எங்கோ போய்விட்டது.

அந்த ஜூலையில் ராஜசேகர் போன் செய்தார். பதினைந்து பேர், தம் வீட்டிலேயே பழைய படத்தைப் போடுவதாகவும், ஒரு முப்பது இட்லி வேண்டுமென்றும் சொன்னார்.

"முப்பது இட்லிக்கு ஒரு மனுசன் மழையில செம்பூர் வரைக்கும் மிதிப்பானா?" என்று அன்னத்தாயிடம் கத்தினார் இசக்கிராஜ். "கிறுக்குப் பயலுவ. பொழப்பத்தவனுவ."

அவள் முப்பது இட்லியை எண்ணித் தூக்குவாளியில் அடுக்கினாள். படம் ஆரம்பிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே அவர் அங்கே இருந்தார். ராஜசேகர் சோபாவில் இடம் காட்டினார். சோபாவில் உட்கார்ந்து சைக்கிள் படம் பார்க்கிறவர்களைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் கொஞ்சமும் மாறியிருக்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்தார்.