பியாட்ரிஸ் மிஸ் பார்த்த ஊமைப்படம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் பியாட்ரிஸ் மிஸ் மதித்த மனிதர் என்று யாரும் கிடையாது. மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் அவர். பாடகர் குழுவைத் தவளைக் கூட்டம் என்பார். பிரசங்கம் நீண்டால் ஆர்கன் மூடியைச் சத்தமாகத் திறந்து வைப்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்ட பிரிஜெட்டம்மாளிடம், "உன் புருஷனைப் பார்த்தப்புறம் அந்த ஆசை போயிடுச்சு" என்றாராம்.

சினிமா என்றால் இளப்பம் இன்னும் ஒரு படி மேலே போகும். "மூக்கைச் சிந்திக்கிட்டே பக்கம் பக்கமா வசனம் பேசுறானுங்க. மூளை இருக்கிறவன் பாப்பானா?"

அப்படிப் பார்க்கிறவன் வீட்டிலேயே இருந்தான். தம்பி ஓஸ்வால்ட், தபால் ஆபீஸ் குமாஸ்தா. 1955 வாக்கில் சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகளில், கையால் சுற்றும் புரொஜெக்டர் ஒன்றும் துருப்பிடித்த ஃபிலிம் டப்பாக்களும் அவனுக்குக் கிடைத்தன. பேசும்படம் வருவதற்கு முந்தைய படம். ஏதோ ஒரு புராதன நகரம் எரிந்து அழிகிற கதை.

"பேசுற சனியனையே தாங்க முடியல. இதுல ஊமைச் சனியன் வேறயா?" என்றார் மிஸ்.

பங்குச் சாமியார் ரெமிஜியஸுக்கு விஷயம் எட்டியது. ஈஸ்டருக்கு மறுநாள் பிற்பகல் கோயில் ஹாலில் போட்டுக் காட்டுவதென்று முடிவாயிற்று.

"நீங்க வந்து பியானோ வாசிக்கணும் மிஸ்."

"வர்றேன் ஃபாதர். எவ்வளவு மட்டம்னு சொல்றதுக்கு ஒருத்தராவது வேணுமில்லே?"

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். வெள்ளை வேட்டித் திரையில் ராஜா வெடுக் வெடுக்கென்று நடந்து வந்ததும் ஹால் சிரித்தது. மிஸ் வேண்டுமென்றே சர்க்கஸ் மெட்டை வாசித்தார். சிரிப்பு இரட்டிப்பாயிற்று.

பிறகு நகரத்தின் கோட்டைக் கதவு திறந்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். மூட்டையோடும், ஆடுகளோடும், கிழவர்களை முதுகில் சுமந்தபடியும் வந்துகொண்டே இருந்தார்கள். திரை கொள்ளவில்லை. ஓஸ்வால்டின் கை சோர்ந்து போனதில் அவர்களின் நடையும் தளர்ந்தது. நடுவில் ஒரு பெண் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எரிகிற ஊரைத் திரும்பிப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. பார்த்தாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பியானோ நின்றுவிட்டது.

"மிஸ், வாசிங்க!" என்றார் பிரிஜெட்டம்மாள்.

"கம்முனு இரு."

கூட்டம் கலைந்ததும் மிஸ் தம்பியிடம் வந்தார். "அந்த டப்பாவை மறுபடி போடு."

"மட்டம்னு சொன்னியேக்கா?"

"நல்லாருக்குன்னு இப்பவும் சொல்லல. போடு."

போட்டான். பார்த்து முடித்ததும் வெறும் திரையைக் கைகாட்டினார். "எத்தனை ஆயிரம் ஜனம்! ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா பாரு. இங்க பத்துப் பேர் சேந்தா காது கிழியுது."

அதன்பின் அந்த டப்பாக்கள் அவருடையவையாகிவிட்டன. ஓஸ்வால்ட் சலித்துப்போய்த் தன் பேசும்படங்களுக்கே திரும்பினான். மிஸ் தானே சுற்றக் கற்றுக்கொண்டார். மாதம் ஒருமுறை ஹாலில் படம் காட்டினார். இருமியவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். நிலக்கடலை உடைத்த பிரிஜெட்டம்மாளுக்கு நிரந்தரத் தடை.

"இந்தப் படம் உங்க மனசைக் கொஞ்சம் இளக்கும்னு நெனச்சேன்" என்றார் சாமியார்.

"இளக்கிடுச்சு ஃபாதர். முன்னாடியெல்லாம் எதோட ஒப்பிட்டு உங்களையெல்லாம் மட்டம்னு சொல்றதுன்னு தெரியாது. இப்ப தெரியுது."

ஆண்டுக்காண்டு மழை ஈரத்தில் ஃபிலிம்கள் ஒட்டிக்கொண்டு நாறின. 1963இல் கடைசி டப்பாவின் ஃபிலிமும் பொடிந்து போனது. யாரும் மிஸ்ஸிடம் துக்கம் விசாரிக்கத் துணியவில்லை.

சில வாரம் கழித்து, சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை வாசலில் அவர் உட்கார்ந்திருப்பதை ரெமிஜியஸ் சாமியார் பார்த்தார். பஸ்களிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்காகக் காத்துட்டிருக்கீங்க மிஸ்?"

மிஸ் இறங்குகிற ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் உரக்கக் கேட்டார். மிஸ் எரிச்சலோடு திரும்பி, தன் காதுகளைத் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் பஞ்சு அடைத்திருந்தது.