கார்த்திகைக்கு ஒதுக்கிய கடிதப் பாடம்

"டிசம்பர் முதல் வாரம்: வெளியூரில் இருக்கும் தகப்பனாருக்குக் கடிதம் எழுதுதல்." 1941 செப்டம்பர் இறுதியில், ஐந்தாம் ஆறாம் வகுப்புகளின் இரண்டாம் பருவ ஆங்கிலத்துக்காக நான் எழுதிய பாடத்திட்டத்தின் கடைசி வரி இது. எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நவராத்திரி விடுமுறைக்கு முந்தைய வாரம் அதை எழுதி முடித்தேன்.

அரிமளத்துக்குத் தெற்கே இருந்தது பள்ளிக்கூடம். இரண்டு வகுப்புகளும் ஒரே கொட்டகையில், முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும். திட்டம் போடும்போது ஆங்கில மாதங்களை ஒரு பக்கமும் தமிழ் மாதங்களை எதிர்ப்பக்கமும் எழுதிக்கொள்வேன். பிள்ளைகள் ஐப்பசியில் மழைக்கும் நடவுக்கும் நின்றுவிடுவார்கள். ஆகவே அந்த வாரங்களில் புதிய பாடம் வைப்பதில்லை, பழையதையே வாய்ப்பாடமாகச் சொல்லவைப்பேன். வாசகப் புத்தகத்தில் பனி பெய்வதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, புதுக்கோட்டை பஸ் வந்து நிற்பதை ஆங்கிலத்தில் சொல்லும் பாடமாக மாற்றினேன். முதலில் இருப்பதைச் சொல்வது, பிறகு நடந்ததைச் சொல்வது, அப்புறம் கேள்வி கேட்பது. இவை மூன்றும் வந்த பிள்ளைதான் சொந்தமாகக் கடிதம் எழுத முடியும். அதற்கு முன் எழுதச் சொன்னால் பலகையைப் பார்த்து எழுதும். பார்த்து எழுதுவது எழுத்தல்ல என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பருவத்தின் பாடத்திட்டங்களைச் சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு சேர்த்து அம்பாள் படத்தின் முன் வைப்போம். விஜயதசமியன்று எடுத்தபின் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது.

பூசை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் தாயார் வந்தார். கணவர் பர்மாவில், பெகு ஊரில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதுபவர். அவருக்குப் போகும் கடிதங்களின் உறைமேல் ஆங்கிலத்தில் முகவரி எழுதித் தருவது நான்தான்.

"ஐயா, எம்மகளுக்கு எப்ப இங்கிலீசுல காயிதம் எழுதச் சொல்லிக் குடுப்பீங்க?"

"கார்த்திகையில."

"அம்புட்டு நாளா? அதுக்குள்ள அவ குமரியாகிக் கட்டியே குடுத்துருவேன் போலருக்கே!"

நான் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"அவுக கப்பலுக்குப் போகயில மகளைத் தூக்கி வச்சுக்கிட்டு, 'நீ எனக்கு இங்கிலீசுல காயிதம் போடுற அன்னைக்கு அப்பா மூட்டையைக் கட்டிருவேன்'னாக. வெளாட்டுக்குத்தான். ஆனா அவுக வெளாட்டுக்குச் சொன்னதையும் செய்யிற ஆளு. நான் வாங்க வாங்கன்னு எழுதுனா, மூணு வருசக் கணக்கு முடியட்டும், தையில பாப்போம்ங்கிறாக. எனக்கு என்னமோ அங்கிட்டு இருக்கிறது சரியாப் படலங்க."

எனக்கும் சரியாகப் படவில்லை. அந்த ஆண்டு பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஓரத்தில் கத்தரிக்கப்பட்டு, தணிக்கைக்காரர்களின் தாள் ஒட்டி வந்தன. அவருடைய கடிதங்களும் வரவரச் சுருங்கிக்கொண்டே போயின. கடைசியாக வந்ததில் நலம், நலமறிய ஆவல் என்பதைத் தவிர எதுவுமில்லை.

"நானே எழுதித் தரட்டுமா?" என்றேன்.

"ஒங்க எழுத்து அவுகளுக்குத் தெரியாதாக்கும்? உறை மேல பாத்துக்கிட்டுத்தான இருக்காக."

தலைமையாசிரியரிடம் போய், கடிதப் பாடத்தை ஐப்பசிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூசையில வச்சு எடுத்ததை அடிச்சுத் திருத்துறதா? நல்லாருக்கே! இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா அம்பாளைக் கைகாட்டுவீங்களா?"

"ஒரே ஒரு பாடந்தானே சார்."

"எனக்கு முந்தி இருந்தவரும் ஒரே ஒரு பாடத்தைத்தான் முன்னப்பின்ன மாத்துனாரு. அந்த வருசம் காலராவுல ரெண்டு பிள்ளைக போச்சு. தெரியுமா ஒங்களுக்கு?"

பாடத்துக்கும் காலராவுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. அவரிடம் அதைக் கேட்டவர்கள் யாரும் அங்கே நீடித்ததில்லை.

பள்ளி விட்டபிறகு அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியே சொல்லித்தருவது என்று முடிவு செய்தேன். திட்டம் திருத்தப்படாது, கடிதமும் போய்விடும். அவள் ஒருநாள் உட்கார்ந்தாள். பலகையில் மாதிரிக் கடிதத்தை எழுதினேன். அவள் சிலேட்டுக்குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"எழுதும்மா."

"பாத்து எழுதுறதுதான சார் இது?"

"இந்த ஒரு தடவை பரவாயில்லை."

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுரும் சார். எல்லாரும் எழுதுறப்ப நானும் எழுதுறேன். கார்த்திகை வந்துரும்ல?"

தாயார் கெஞ்சிப் பார்த்தார், ஒருமுறை அடித்தும் பார்த்தார். அவள் அசையவில்லை. பிறகு மழை பிடித்தது. கண்மாய் நிறைந்து மறுகால் போனது. ஓடைக்கு அக்கரையில் இருந்த பிள்ளைகள் வரவில்லை, அவளும் அக்கரைதான். அந்த நாட்களில் பத்திரிகை எங்களுக்கு இரண்டு நாள் பிந்தி வரும். வந்த ஒவ்வொன்றிலும் ஜப்பான் என்ற பெயர் முதல் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

டிசம்பர் முதல் வாரம் திட்டப்படியே கடிதப் பாடம் நடந்தது. அவள் தானாகவே எழுதினாள். கண்மாய் நிறைந்துவிட்டது. செவலைப் பசு கன்று போட்டது. நேற்று நான் ஓடையைக் கடந்து பள்ளிக்கு வந்தேன். நீங்கள் எப்போது வருவீர்கள்? வகுப்பிலேயே நல்ல கடிதம் அதுதான். முகவரியையும் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்து எழுதினாள். அன்று மாலையே நான் அரிமளம் தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"பர்மாவுக்கா?" என்றார் போஸ்ட்மாஸ்டர். "போடுங்க, போடுங்க. இன்னைக்கு வரைக்கும் கப்பல் போகுது."

அடுத்த வாரம் ஜப்பான் போரில் இறங்கிய செய்தி வந்தது. இருபத்துமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் நின்றவர்களில் மிகப் பலர் செத்தார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு எட்டியபோது அந்த அம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். "பெகு வேற, ரங்கூன் வேற. அப்படித்தானங்க?" என்று கேட்டார். அப்படித்தான் என்றேன்.

1942 கோடையில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தார்கள். பெகுவில் அதே தெருவில், பக்கத்துக் கடையில் வேலை பார்த்த ஒருவரும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் அந்த அம்மாளும் போனோம். கால் முழுக்கப் புண். கயிற்றுக்கட்டிலில் கிடந்தபடியே பேசினார்.

"காயிதம் வந்துச்சுங்க. கடை கடையாக் கொண்டுபோய்க் காமிச்சாரு. 'எம்மக இங்கிலீசு, பாருங்கடா'ன்னு ஒரே சத்தம். நாங்க கேலி பண்ணுனோம். மொதலாளிகிட்டக் கணக்கை ஒப்படைச்சுட்டு, கப்பலுக்கு டிக்கட்டு எடுக்கணும்னு மறுநாளே ரங்கூனுக்கு ரயிலேறிட்டாரு."

"எந்தக் கிழமை?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். "ஞாயித்துக்கிழமை." கொஞ்சம் பொறுத்து, "இல்ல, அதுக்கு முந்துன ஞாயிறோ என்னமோ. திங்களாக்கூட இருக்கும். நடந்து வந்ததுல எல்லாம் கொழம்பிப்போச்சு ஆத்தா" என்றார்.

முந்தைய ஞாயிறு என்றால் அவருக்குக் கப்பல் கிடைத்திருக்க வழியுண்டு. அப்படியானால் எங்கே இறங்கினார், ஏன் வரவில்லை என்பதற்கு விடை இல்லை. திங்கள் என்றால் செவ்வாய் காலையில் அவர் துறைமுகத்தில்தான் நின்றிருப்பார். கடிதம் கிடைக்காமல் பெகுவிலேயே தங்கியிருந்தால் மற்றவர்களோடு நடந்து வந்திருக்கலாம். வட்டிக்கடையின் முதலாளி வீட்டுக்கு எழுதிக் கேட்டேன். அங்கிருந்த காகிதம் எதுவும் தப்பவில்லை என்று பதில் போட்டார்கள். சென்னையில் இறங்கியவர்களின் பட்டியல்களையும் என்னால் முடிந்தவரை பார்த்தேன். அவர் பெயர் இல்லை. ஆனால் பட்டியலில் ஏறாமல் இறங்கியவர்களும் உண்டு.

அந்த அம்மாள் தாலியைக் கழற்றவில்லை. கேட்டவர்களிடம், கிழமை தெரியாமல் எப்படிக் கழற்றுவது என்றார். அவர் கணவர் பெகுவிலிருந்து ரயிலேறியது எந்தக் கிழமை என்பது இதை எழுதும்வரை எனக்கு உறுதிப்படவில்லை.