ஒன்பது ஜோடி பூட்ஸும் என் பாயிண்டும்

எங்கள் தெருவில் ஆன்லைனில் எது வாங்குவதென்றாலும் என் போனில்தான் வாங்குவார்கள். போன் எல்லோரிடமும் இருக்கிறது. பணம் போய்ப் பொருள் வராமல் போய்விடுமோ என்கிற பயமும் கூடவே இருக்கிறது. நான் பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அறை முன்பதிவு பார்க்கிறவள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை.

அவர்களிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நான் நேராகக் கடையின் ஆப்பைத் திறப்பதில்லை. முதலில் ஒரு ரிவார்டு ஆப்பைத் திறந்து, அதிலிருக்கும் லிங்க் வழியாகத்தான் கடைக்குள் போவேன். இந்த ஆளை அனுப்பியது நாங்கள்தான் என்று அந்த லிங்கிலேயே ஓர் அடையாளம் ஒட்டிக்கொண்டு போகும். கடைக்கும் ஆப்புக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் உட்கார்ந்திருக்கிறது. யார் அனுப்பி யார் வந்தார், வந்தவர் வாங்கினாரா என்று பார்ப்பது அதன் வேலை. கடை கொடுக்கும் கமிஷனில் நெட்வொர்க் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஆப் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் மீதி பாயிண்டாக என் பேரில் ஏறும்.

விடுதி வேலையில் இருந்ததால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஏதோ ஒரு இணையதளத்தின் வழியாக ஒருவர் அறை போட்டால், அவர் வந்து தங்கிவிட்டுப் போன பிறகுதான் அந்தத் தளத்துக்குப் பங்கு. வராமல் ரத்து செய்தால் ஒன்றும் கிடையாது. என் பாயிண்டும் அப்படித்தான். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை ‘பெண்டிங்’ என்று மஞ்சளாக நிற்கும், முடிந்ததும் பச்சையாகும். ஒரே ஆர்டரில் ஒரு பொருள் திரும்பினாலும் மொத்தப் பாயிண்டும் போய்விடும்.

போன தை மாதம் உப்பளத்துப் பெண்கள் ஒன்பது பேருக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கினோம். கிளப்பிவிட்டது எதிர்வீட்டு அக்கா. அவருக்குச் சர்க்கரை. குதிகாலில் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்றது. பூட்ஸ் இல்லாமல் உப்புத்தண்ணீரில் இறங்கினால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தான் மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனால் துரைசாணி என்று கேலி செய்வார்களே என்று, மற்ற எட்டுப் பேரையும் பேசிச் சம்மதிக்க வைத்தார். தன் பழைய செருப்பில் இருந்த நம்பரைப் பார்த்து ஏழு என்றார். நானும் ஏழு போட்டேன்.

பெட்டிகள் வந்தன. யாரும் பிரிக்கவில்லை. முதல் உப்பு வாரும் நாளில் பாத்தி ஓரமாகச் சூடம் காட்டி, புதுக் கூடை, புதுப் பலகை எல்லாவற்றையும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் புதுசைத் தொடுவார்கள். அதற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பொருளைத் திருப்ப, கடை கொடுத்த கெடு பத்தே நாள்.

எனக்கு அது தெரியும். “அக்கா, ஒரு தடவ மாட்டிப் பாத்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. இன்னும் இந்த ஒரு ஆர்டர் பச்சையானால் ஒரு மிக்ஸிக்குத் தேவையான பாயிண்ட் சேர்ந்துவிடும். அவர்கள் சாமி விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த மஞ்சள் எழுத்தைப் பார்ப்பேன். பதினோராம் நாள் பச்சையானது. அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

முதல் உப்பு வாரல் ஞாயிற்றுக்கிழமை. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எட்டு ஜோடி சரியாக ஏறின. அக்காவின் வீங்கிய கால் குதிகாலோடு நின்றுவிட்டது.

“மாத்திக் குடுக்க மாட்டாங்களாம்மா?”

“நாள் முடிஞ்சிடுச்சிக்கா.”

“அப்படியா, சரி வுடு” என்றவர், காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டார். ஒரு நாள் கூலியை விட அவரால் முடியாது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். “இன்னொரு ஜோடி போடும்மா, பெருசா. உனக்கும் அதுல ஏதோ வருதாமே, என் பொண்ணு சொல்லிச்சி. வரட்டும். எங்களுக்காக நீயும் எவ்ளோ மெனக்கெடுற.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

“அக்கா, திருப்பற நாள் முடியப்போவுதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஒரு ஜோடி திரும்புனாலும் பாயிண்ட் எல்லாம் போயிடும். அதான் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் நிதானமாகச் சொன்னார்: “கமிஷன் எங்க கூலியில மேஸ்திரியுந்தான் எடுக்கறாரு. எடுக்கட்டும். ஆனா வரப்பு ஒடையற மாதிரி இருந்தா மொதல்ல சத்தம் போடறது அவருதான்.”

போனை எடுத்தேன். எந்த ஆப்பைத் திறப்பது என்று விரல் தடுமாறியதை அவர் பார்த்துவிட்டார்.

“எப்பவும் போடற மாதிரியே போடு. ஒம்போது நம்பர். வந்ததும் சூடம் கீடம் எதுவும் வேணாம். நீயே பிரிச்சி என் கால்ல மாட்டிப் பாத்துடு.”

நாலாம் நாள் பெட்டி வந்தது. தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்து என் மடியில் வைத்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். எதிர்வீட்டிலேயே இத்தனை வருஷம் இருந்தும், அந்தப் புண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.