மரவள்ளிக் காட்டில் பாஸ்கா இரவு

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போனவன் நான். தண்ணீர் வரும்வரை துளையைப் பாதியில் விட்டு யாரும் நகரக் கூடாது என்பது எங்கள் வண்டியின் சட்டம். அதனால் மூன்று வருடம் ஈஸ்டர் தவறிப்போனது. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவுப் பூசையில் சாமியார் "நம்புகிறீர்களா?" என்று கேட்பார். ஞானஸ்நானத்தன்று நமக்காகப் பெரியவர்கள் சொன்ன பதிலை நாமே நம் வாயால் சொல்ல வேண்டும். நான்காவது வருடமும் தவறினால் இனி என்னைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்வதில்லை என்றிருந்தேன்.

நான்காவது வருடம் அந்த இரவு ராசிபுரத்துக்கு உள்ளே தள்ளி வேலை. ஒன்பதரைக்குத்தான் தண்ணீர் பீறிட்டது. கடைசி பஸ் போய்விட்டது. தலையெல்லாம் பாறை மாவோடு நடக்க ஆரம்பித்தேன். பூசை நடக்கும் கோயிலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். மண்ணில் பகல் சூடு இன்னும் இருந்தது.

கிழக்கே மலைக்கு மேல் நிலா ஏறியது. கோயிலில் இந்நேரம் விளக்கெல்லாம் அணைத்து ஒரே மெழுகுதிரியை ஏற்றியிருப்பார்கள். இங்கேயும் ஒரே விளக்குதான். அந்த ஒன்றிலேயே ஒவ்வொரு வரப்பும், கல்லும், சோளத்தட்டும் தன் நிழலோடு தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருடம் பூமியைக் குடைந்தவன், அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தேன்.

கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, மரவள்ளிக் காட்டில் ஒரு அம்மா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்நேரத்துல எங்கீங்க?"

"கோயிலுக்குங்க. எங்க சாமி உயிர்த்தெழற ராத்திரிங்க."

"எங்க பம்புசெட்டு மாதிரி உங்க சாமிக்கும் திரீ பேஸ் கரண்டு ராத்திரிலதான் உடறாங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். "மூஞ்சியக் கழுவீட்டுப் போங்க சாமி. பேயாட்டம் இருக்கறீங்க."

குழாயடியில் குனிந்தேன். மாவு கரைந்து வெள்ளையாக ஓடியது. தண்ணீர் நிலாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாய்க்காலில் போக, வெடித்த மண் சத்தம்போட்டுக் குடித்தது. தவளை ஒன்று எங்கிருந்தோ கத்தியது.

அப்போதுதான் கோயில் ஒலிபெருக்கியில் சாமியார் குரல் வந்தது. கேள்விகள் தொடங்கிவிட்டன. ஓடினாலும் போய்ச்சேர முடியாது.

முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து நின்று, "நம்புகிறேன்" என்றேன். அடுத்த கேள்விக்கும் சொன்னேன்.

"என்னத்தைங்க நம்பறீங்க?"

வாய்க்காலைக் காட்டினேன்.

"சரி, நம்பிக்கோங்க. மடையை மாத்தரம் மிதிச்சுறாதீங்க."

தள்ளி நின்றுகொண்டு கடைசிக் கேள்விக்கும் பதில் சொன்னேன்.