கையில் சுற்றிய கயிறு

போன கோடையில் எலவனாசூர்கோட்டையிலிருந்து நானும் என் கணவரும் ராமேஸ்வரம் போயிருந்தோம். சாமி கும்பிட்ட பிறகு, தீவின் தென்கரையில் மீனவர்கள் கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்த்தோம். விவசாயியான என் கணவருக்குக் கை சும்மா இருக்குமா? அவரும் போய் வலைக்கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர், வீட்டில் காளையைப் பிடிப்பதுபோல் அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“இன்னாத்துக்குங்க சுத்தறீங்க?” என்றேன்.

“சுத்தனாதான் நழுவாது. நீ சும்மா நில்லு.”

அதற்குள் ஒரு பெரிய அலை வலையைப் பின்னுக்கு இழுத்தது. மற்றவர்கள் சட்டென்று பிடியை விட்டார்கள். இவரால் விட முடியவில்லை. குப்புற விழுந்து, இடுப்பளவுத் தண்ணீர் வரை இழுபட்டுப் போனார். நான் அலறிவிட்டேன். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பாய்ந்து போய், அடுத்த அலையில் கயிறு தளர்ந்ததும் சுற்றை உருவிவிட்டார்.

“மாடுன்னு நெனச்சீங்களாண்ணே? கடல் இழுத்தா விட்டுரணும்!” என்று திட்டவும் செய்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கணவருக்கு மணிக்கட்டுத் தோல் உரிந்ததோடு போயிற்று.

இப்போது காளையை ஏரிக்கு ஓட்டும்போதும் கயிற்றைச் சுற்றாமல்தான் பிடிக்கிறார். பழக்கதோஷத்தில் சுற்றினால், “ஏங்க, அலை வருது” என்பேன். உடனே அவிழ்த்துவிடுவார்.