எங்கள் பையனுக்கு நாங்களே பயந்த அரையிறுதி

இன்று திருவொற்றியூரில் நடந்த கால்பந்து அரையிறுதியில் எங்கள் வியாசர்பாடி அணி ஜெயித்துவிட்டது. வாழ்த்து எதுவும் போடாதீர்கள்.

எங்களிடம் ஃபார்வர்ட் ஆட ஆள் அதிகம். பெஞ்சில் உட்கார்ந்து வீணாகாமல் நாலு மேட்ச் ஆடித் தேறட்டும் என்று, தினேஷை இந்த சீசனுக்கு மட்டும் எண்ணூர் பக்கம் ஒரு சின்ன கிளப்புக்குக் கொடுத்தோம். செயலாளர் என்ற முறையில் பேசி அனுப்பியது நான்தான்.

போன இடத்தில் கோலாகப் போட்டுத் தள்ளினான். இன்று எங்களுக்கு எதிரே அதே கிளப்.

ஆட்டம் தொடங்கும் முன் அவர்கள் கோச்சிடம் போய், "எங்க பையன் எங்களுக்கு எதிரா இறங்கக் கூடாது சார். எப்பவும் அதானே வழக்கம்" என்றேன். அவர் வாதாடவில்லை. தினேஷ் பூட்ஸைக் கழற்றினான்.

ஒரே கோலில் ஜெயித்தோம்.

வியாசர்பாடி திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் தினேஷும் அவன் அப்பாவும். மகன் ஆட்டத்தைப் பார்க்க வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறார்.

"இன்னா தம்பி, தேறட்டும்னுதான அனுப்புன? தேறிட்டான்னு தெரிஞ்சதும் குந்த வெச்சுட்டியே! கோல் போட்ருவான்னு பயமா கீதா?" என்றார் என்னிடம்.

"வுடு நைனா, அண்ணன் ரூல்தான சொல்லுச்சு" என்றான் தினேஷ்.

ரூல் இல்லை, பயம்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சீசனுக்கு அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டியதும் நான்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.