வீட்டுக்காரரின் மூன்று இருமல் மருந்துகள்

என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சுங்கைப் பட்டாணி டவுன் பள்ளிகளில் இறக்கிவிடுவார். இத்தனை வருடத்தில் அவர் லீவு எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன வருடம் மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, பேசினாலே கரகரவென்று சத்தம் வந்தது. கிளினிக்குக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

"ரெண்டு நாள்ல போயிரும் லா. மருந்து வாங்கிட்டேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் வேன் வாசலில் வந்து நின்றது. ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குகிறார். கண்ணாடியைத் தட்டினேன்.

"என்னமோ தெரியல, கண்ண இழுத்துட்டுப் போவுது" என்றார்.

பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். முதலில் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும், டேஷ்போர்டிலிருந்து மூன்றை எடுத்துக் காட்டினார். புதிதாக வாங்கிய சளி மருந்து, எப்போதோ கிளினிக்கில் கொடுத்து மிச்சமிருந்த இருமல் மருந்து, மளிகைக் கடையில் வாங்கிய சளி மாத்திரை. மருந்துகளை அளவே இல்லாமல் பாட்டிலோடு வாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் பையில் போட்டேன். அவரைக் காரில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு டவுன் பார்மசிக்குப் போனேன்.

அங்கே மருந்து கொடுக்க இருந்தது ஒரு தமிழ்ப் பெண். எங்கள் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு லேபிளாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், இந்தப் புது மருந்து சளிய இளக்கி வெளிய கொண்டாரும். பழசு இருமலயே நிப்பாட்டிரும், தூக்கமும் வரும். ரெண்டயும் குடிச்சா இளகுன சளி எப்படி வெளிய வரும்? பழச இங்கயே குடுங்க, தூக்கிப் போட்டுர்றேன்."

பிறகு, "இனிப்பு நீர் வியாதி, பிரஷர் ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன்மா."

"அப்ப இந்த மாத்திரையும் வேணாம். மூக்கடைப்புக்கான மருந்து இதுல இருக்கு, பிரஷர ஏத்திரும். புதுசுல இருக்கற சளி மருந்தும் இதுலயே இருக்கு. ஒரே மருந்த ரெண்டு தடவ சாப்பிட்டிருக்கீங்க."

அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். புது மருந்தின் பெட்டிக்குள் இருந்த சின்ன அளவுக் கப்பை அந்தப் பெண் எடுத்து, எதுவரை ஊற்ற வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டாள். லேபிளில் போட்டிருக்கும் வேளைக்கு மேல் ஒரு சொட்டுகூடக் கூடாது என்றாள்.

"தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"அவரு எங்க குடிக்கிறாரு" என்றேன் நான். "பாதி வழியில ஒண்ணுக்கு வந்துரும்னு காலையில ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தால்தான் சளி இளகும் என்று பொறுமையாகச் சொன்னாள். காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ மருந்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் கிளினிக் போகச் சொன்னாள்.

நான்கு நாள் சொன்னபடி குடித்தார். சளி இளகியது, கரகரப்பும் குறைந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் உடம்பு கொதித்தது. அவர் அளவுக் கப்பைத் தேடினார். நான் கார் சாவியை எடுத்தேன். கிளினிக்கில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட டாக்டர், கிருமித் தொற்று ஆரம்பித்திருக்கிறது, நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கட்டாய ஓய்வு வேறு. வேனை அவருடைய கூட்டாளி ஓட்டினார்.

அந்த நாட்களில் அவர் சமையலறையில் என்னோடு உட்கார்ந்து பூண்டு உரித்தார். எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும், எது அம்மாவை விட்டு ஏறும்போது அழும், எது வீட்டுப்பாடத்தை வேனிலேயே எழுதும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு கதை அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. உடம்பு தேறி, திங்கட்கிழமை விடியலில் அவர் கிளம்பிப் போனபோது, சந்தோஷம்தான். வீடு மட்டும் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது.